கண்டவன் பெயரிட்டான், நாம் ஏன் வாய்மூடி நிற்கின்றோம்?

தமிழில் மருத்துவம் கற்பிக்க இயலாது. நாள்தோறும் புதியனவாய் வரும் கருவிகளுக்கும் நோய்க்குறிகளுக்கும் தமிழில் சொற்கள் இல்லை. ஆகவே மருத்துவன் வாயிலும் ஏட்டிலும் ஆங்கிலமே இருந்தாக வேண்டும்! இப்பழம்பாட்டைக் காது புளிக்கக் கேட்டுவிட்டோம். இதனைப் பாடுவோர் ஆங்கிலேயர் அல்லர். தமிழ்மக்களின் வரிப்பணத்தில் படித்து, தமிழ்நோயர் தரும் காசில் மாளிகை எடுத்த நம்மவரே பாடுகின்றனர். அவர்களோடு வெறும் உணர்ச்சியால் பொருதுவதிற் பயனில்லை. அவர்கள் தலைமேல் வைத்துப் போற்றும் அவர்தம் துறையிலிருந்தே ஒரு சான்றை எடுத்து அவர்கள் முன் வைப்போம்.

பிரான்சு நாட்டில், பாரிசையொட்டிய புலோன் நகரில், அம்புருவாசு பாரே என்னும் பெயருடைய மருத்துவமனை ஒன்றுண்டு. உயிருக்குப் போராடும் நோயரை இமைகொட்டாது காக்கும் அதன் பிரிவிலே பணியாற்றியவர் தானியேல் இலிக்தென்சுதைன் என்னும் மருத்துவர். அத்தகைய பிரிவைத்தான் நம்மூரில் 'ஐ.சி.யு.' என்று மூன்று ஆங்கில எழுத்தால் சொல்லி, வெளியே நிற்கும் குடும்பத்தாரை நடுங்க வைக்கின்றனர். உயிர்காப்புப் பண்டுவம் என்று நாம் அதனைச் சொல்வோம். இவர் அப்பண்டுவத்திற் கேளாவொலிக் கருவியைப் புகுத்தி எழுதிய நூல்களும் ஆய்வுரைகளும் இன்று உலகெங்கும் அத்துறையாரால் எடுத்தாளப்படுகின்றன.

கேளாவொலி என்பது மாந்தர் காதுக்கு எட்டாத மிகுவிரைவு அதிர்வுடைய ஒலி. கருவியின் முனையை உடலின்மேல் வைத்தால் அவ்வொலி உள்ளே சென்று, உறுப்புகளின் எல்லைகளில் மோதி, எதிரொலியாய்த் திரும்பும். திரும்பும் பொழுதையும் வலிமையையும் கணக்கிட்டுத் திரையில் படமாக்கிக் காட்டுவது கருவியின் வேலை. நீரும் தசையும் ஒலியை உள்ளே விடும். காற்றோ ஏறத்தாழ முழுவதையும் திருப்பியனுப்பிவிடும். நுரையீரல் காற்று நிறைந்த உறுப்பு. எனவே, கேளாவொலியால் நுரையீரலைப் பார்க்க இயலாது என்று பாடநூல்கள் கதவடைத்திருந்தன.

இலிக்தென்சுதைன் பாடநூலை ஒருபுறம் வைத்துவிட்டு நோயரின் மார்பைப் பார்த்தார். காற்று ஒலியைத் திருப்புவது மெய்தான். ஆனால், திருப்பும் வகையிலேயே செய்தி இருக்கின்றது என்று கண்டார். நலமுள்ள நுரையீரல் ஒருவகைப் போலிக்கோடுகளை எழுப்புகின்றது. நீர் ஊறிய நுரையீரல் வேறுவகைக் கோடுகளை எழுப்புகின்றது. மார்புச் சுவருக்கும் நுரையீரலுக்கும் இடையே காற்றுப் புகுந்துவிட்டால், மூச்சுதோறும் நிகழும் வழுக்கம் நின்றுபோகின்றது. பிறர் குப்பையென ஒதுக்கிய கோடுகளை இவர் எழுத்துகளாகப் படித்தார்.

இவருடைய எழுத்துப் பணியின் வரிசையைப் பாருங்கள். உயிர்காப்புப் பிரிவிற் கேளாவொலி பற்றிய இவர் நூல் 1992-இல் பிரஞ்சு மொழியில் வெளிவந்தது. 150 நோயரிடத்துச் செய்த ஆய்வை 1993-இல் ஆய்விதழில் வெளியிட்டார். நுரையீரலின் வழுக்கம் காணப்படின் அவ்விடத்தில் மார்புக்காற்றடைப்பு இல்லை என்பதை 1995-இலும், வால்வெள்ளி போன்ற கீற்றுகள் நுரையீரலில் நீர் ஊறியதன் அடையாளம் என்பதை 1997-இலும், மார்புக்காற்றடைப்பை உறுதிப்படுத்தும் தொடுமுனைக் குறியை 2000-இலும் எழுதினார். 2004-இல் வந்த ஆய்வுரையிலே, கடுமையான மூச்சுத்திணறல் நோயர் 32 பேரிடம் மூன்று வழிகளை ஒப்பிட்டார். மார்பறையில் நீர்கோத்திருப்பதைக் காதால் கேட்டுச் சொன்னதில் 61 விழுக்காடும், ஊடுகதிர்ப் படத்தைக் கொண்டு சொன்னதில் 47 விழுக்காடும், கேளாவொலியைக் கொண்டு சொன்னதில் 93 விழுக்காடும் சரியாயிருந்தன. 2008-இல், கடும் மூச்சுத்திணறலோடு வந்த 260 நோயரை வைத்து ஒரு படிமுறை வகுத்து, அதனால் 90.5 விழுக்காட்டினர்க்கு நோயின் கரணியத்தைச் சரியாகச் சொல்ல முடிந்ததென்று காட்டினார்.

இனி நம் வினாவுக்கு வருவோம். புதிதாய்க் கண்ட இக்குறிகளுக்கு அம்மருத்துவர் என்ன பெயரிட்டார்? இலத்தீனத்தைத் தோண்டினாரா? கிரேக்க அகரமுதலியைப் புரட்டினாரா? இல்லை. இரண்டு விலா எலும்புகளின் நிழல் இருபுறமும் சிறகாய் விரிய, நடுவே நுரையீரல் உறையின் கோடு உடலாய்த் தோன்றக் கண்டார், 'வௌவால்' என்றார். நேரவரைவுப் படத்தில் மேற்பாதி அலையலையாய்க் கோடுகளும், கீழ்ப்பாதி மணல்போற் புள்ளிகளுமாய்த் தோன்றக் கண்டார், 'கடற்கரை' என்றார். வால்வெள்ளி என்ற பெயர் அவர்க்கு முன்னரே அத்துறையில் வழங்கியது. அதனை நுரையீரலின் கீற்றுக்குப் பொருத்தினார். வௌவாலும் கடற்கரையும் வால்வெள்ளியும்! எந்தச் சிற்றூர்ச் சிறுவனும் கண்டறிந்த பொருள்கள். உலகின் உயர்ந்த மருத்துவக் கூடங்களில் இன்று பேசப்படும் கலைச்சொற்கள் இவைதாம்.

தமிழில் சொல்லில்லை என்பாரே, உங்களைக் கேட்கின்றோம்: தமிழனுக்கு வாவல் தெரியாதா? ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உடைய நாட்டான் கரைமணலை அறியானா? வால்வெள்ளிக்குத் தமிழில் பெயரில்லையா? வாவற்குறி, கரைமணற்குறி, வால்வெள்ளிக்கீற்று, நுரையீரல் வழுக்கம், தொடுமுனை என்று சொல்ல எந்தப் பல்கலைக்கழகத்தின் இசைவு வேண்டும்? மார்பறையில் நீர் சேர்வதை நம் பாட்டிமார் 'நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது' என்பர். அதனைவிடப் பொருத்தமான சொல்லை எந்த மேலைநாட்டான் தருவான்? சொல் இல்லாமல் இல்லை. சொல்ல மனமில்லை. அதுவே மெய்.

இது புதிய செய்தியுமன்று. இதே பிரான்சில், 1816-ஆம் ஆண்டு, இலேனெக் என்னும் மருத்துவர் தாளைச் சுருட்டிக் குழலாக்கி நோயர் மார்பில் வைத்துக் கேட்டார். அக்குழலே இன்று மருத்துவர் கழுத்தில் தொங்கும் கருவியின் மூதாதை. 1819-இல் தம் நூலை வெளியிட்டபோது, தாம் கேட்ட ஒவ்வோர் ஒலிக்கும் பெயர் வைத்தார். நீர்கோத்த மார்பின் வழியே கேட்கும் நடுங்கு குரல் ஒன்று, ஆடு கத்துவதுபோல் இருந்தது அவர் காதுக்கு. 'ஆட்டுக்குரல்' என்பதையே கிரேக்கச் சொற்களால் புனைந்து 'ஈகோபனி' என்னும் பெயருக்கு மூலமானார். நம் மருத்துவ மாணவர் அச்சொல்லை மந்திரம்போல் உருப்போடுகின்றனர். உள்ளே 'மே' என்று கத்துவது வெறும் ஆடு என்று அறிந்தோர் அவருள் எத்துணையர்? கிரேக்கப் போர்வையை உரித்தால் ஆடு தெரியும்; ஆட்டைக் கண்டால் அச்சம் தெளியும்; அச்சம் தெளிந்தால் அறிவு வளரும். இதைத்தான் தாய்மொழிக் கல்வி என்கின்றோம்.

'என்ன இருந்தாலும் இவ்வறிவெல்லாம் ஆங்கிலம் தந்ததன்றோ?' என்பர் சிலர். இதனைப்போல் அறியாமை பிறிதில்லை. கேளாவொலிக் கருவியின் உயிர்நாடி, அழுத்தினால் மின்னூட்டம் காட்டும் படிகம். அப்பண்பை 1880-இல் கண்டறிந்தோர் சாக்கு கியூரி, பியேர் கியூரி என்னும் பிரஞ்சு உடன்பிறப்பினர். அதிர்வொலியைக் கொண்டு மூளையின் உள்ளிடத்தைக் காண முயன்று 1942-இல் செருமன் மொழியில் எழுதியவர் ஆசுதிரிய நாட்டுத் துசிக்கு. 1953-இல் நெஞ்சாங்குலையின் அசைவைக் கேளாவொலியாற் பதிவு செய்தோர் சுவீடன் நாட்டு எடுலரும் எர்ட்சும். குருதியோட்டத்தை அறியும் முறைக்கு 1950-களில் வழிவகுத்தோருள் ஒருவர் சப்பானியர் சாத்தோமுரா. ஆங்கிலம் பேசும் காட்டுலாந்தின் கிளாசுகோ நகரில் ஈயான் தொனால்டு 1958-இல் வெளியிட்ட ஆய்வுரையும் இவ்வரிசையில் ஒன்று, அதனை மறுக்கவில்லை. ஆனால் ஒன்றே ஒன்று! பல மொழியினர் பல நாட்டில் தத்தம் மொழியில் எண்ணி எண்ணிச் சமைத்த சோற்றை, ஆங்கிலத் தட்டில் வைத்துக் கொடுத்தமையால், சமைத்தவள் ஆங்கிலத்தாய் என்று நம்பும் பேதைமையை என்னென்பது!

ஆயினும் தோழர்களே, இவ்வரலாற்றில் நாம் அஞ்ச வேண்டிய மறுபுறமும் உண்டு. மேலே சொன்ன வெளியீட்டு வரிசையை மீண்டும் பாருங்கள். 1992-ஆம் ஆண்டு நூல் பிரஞ்சில். அதன்பின் உலகம் எடுத்தாளும் ஆய்வுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். அமெரிக்க இதழ்களில், அமெரிக்கர் ஏற்கும் நடையில். 2008-ஆம் ஆண்டுப் படிமுறைக்கு அவர் வைத்த பெயர்கூட, 'நீலம்' என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல்லாய் அமையுமாறு தொடுத்த எழுத்துச் சுருக்கம். கேளாவொலி நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது 2005-இல். அவர் நூல் பிரஞ்சில் வெளிவந்த அதே 1992-இல்தான், குடியரசின் மொழி பிரஞ்சே என்று அந்நாடு தன் அரசமைப்பில் எழுதிக்கொண்டது. 1994-இல் மொழிகாப்புச் சட்டமும் செய்தது. சட்டம் செய்தும் என்ன? அறிவுலகத்தின் கணக்குப் பொத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும்வரை, பிரஞ்சுக்காரனும் அதில் தன் பெயரை ஆங்கிலத்திலேயே எழுத வேண்டியிருக்கின்றது.

1887-இல் தொடங்கப்பெற்றது பாசுட்டர் நிறுவனத்தின் ஆண்டறிக்கை இதழ். நுண்ணுயிர் ஆய்வின் தாய்வீடு அது. நூறாண்டைக் கடந்ததும், 1989-இல், அவ்விதழின் பிரிவுகள் பிரஞ்சுப் பெயரைக் களைந்து ஆங்கிலப் பெயரைச் சூடிக்கொண்டன. பிரான்சே கொதித்தெழுந்தது, பெயர் திரும்பவில்லை. இலேனெக்கு பிறந்த பிரித்தானி நிலத்தின் பழமொழியாகிய பிரெத்தோனைப் பள்ளிகளிலிருந்து ஒருகாலத்தில் விரட்டிய அதே பிரஞ்சு, இன்று ஆங்கிலத்தின் வாயிலில் நிற்கின்றது. மொழி வல்லாண்மை ஒருவரோடு நின்றுவிடுவதன்று. விழுங்கியதை விழுங்கும் வாய் வேறொன்று வந்தே தீரும். ஆட்சியும் படையும் பணமும் உடைய பிரஞ்சுக்கே இந்நிலை என்றால், சொந்த வீட்டிலேயே திண்ணையில் படுத்திருக்கும் தமிழின் நிலையை எண்ணிப்பாருங்கள்.

இங்கே எதிர்ப்பாளர் தம் வலிய கணையை எய்வர்: 'நீரே ஒப்புக்கொண்டீர்! உலகம் படிப்பது ஆங்கிலம். தமிழில் எழுதினால் யார் படிப்பார்?' நன்று. உலகுக்குச் சொல்ல வேண்டியதை உலகம் படிக்கும் மொழியில் சொல்லுங்கள், யாம் தடுக்கவில்லை. ஆனால், படுக்கையில் மூச்சுக்குத் திணறிக் கிடக்கும் கிழவர் உலகமா? வாயிற்படியில் தாலியைப் பற்றிக்கொண்டு நிற்கும் அவர் மனைவி அமெரிக்க இதழின் ஆசிரியரா? அவர்கள் கையிலே தரும் ஆய்வறிக்கையை எந்த உலகத்துக்காக ஆங்கிலத்தில் எழுதுகின்றீர்? தம் கணவர் மார்பில் நீர் கோத்திருக்கின்றதா, காற்று அடைத்திருக்கின்றதா என்று அறிய, அவ்வறிக்கையைத் தூக்கிக்கொண்டு மருந்துக்கடைப் பையனிடமும் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவனிடமும் அவர் அலைய வேண்டுமா? தன் உடம்பைப் பற்றிய செய்தி தனக்கே விளங்காத அடிமை, உலகில் தமிழனைப்போல் வேறெவன்?

இதில் ஒரு கொடுமையைக் கேளுங்கள். கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று கண்டு சொல்லுவதைத் தடுக்கும் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்படி, கேளாவொலி நிலையம் ஒவ்வொன்றிலும், கருவின் பாலைச் சொல்வது குற்றம் என்னும் அறிவிப்பு ஆங்கிலத்தோடு அவ்வட்டார மொழியிலும் தொங்க வேண்டும். அதனால், அந்நிலையங்களின் சுவரில் தமிழைக் காண்கின்றோம். எச்சரிக்கையென்றால் தமிழ் வருகின்றது. ஏனெனில் அது மக்களுக்கு விளங்கியாக வேண்டும் என்று சட்டமே சொல்லிவிட்டது. அதே நிலையத்தில், அதே கருவி கண்ட நோயின் விடையோ ஆங்கிலத்தில் வருகின்றது. ஏனெனில் அது மக்களுக்கு விளங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை! மிரட்டத் தமிழ் போதும். விளக்க ஆங்கிலம் வேண்டுமாம். சுவருக்கு ஏறிய தமிழ் தாளுக்கு ஏறாததற்குச் சொற்பஞ்சமா கரணியம்? சட்டம் கட்டாயப்படுத்தினால் தமிழ் வரும் என்பதற்கு அந்தச் சுவரே சான்று.

'ஆளுக்கொரு சொல் ஆக்கினால் குழப்பம் வருமே' என்பர். குழப்பம் ஆங்கிலத்திலும் வந்தது. நுரையீரலின் அந்தக் கீற்றுகளையே ஒருவர் வால்வெள்ளி என்றும், ஒருவர் ஏவுகணை என்றும், ஒருவர் ஓர் எழுத்தின் பெயராலும் வழங்கினர். என்ன செய்தனர்? எங்கள் மொழியில் மருத்துவம் வராது என்று கடையைக் கட்டிவிட்டனரா? எட்டு நாடுகளைச் சேர்ந்த 28 வல்லுநர் கூடி ஆய்ந்து, 2012-இல் பொது நெறிகளையும் சொற்களின் பொருளையும் வரையறுத்து வெளியிட்டனர். இலிக்தென்சுதைனும் அவருள் ஒருவர். கூடிப்பேசினால் தீரும் குழப்பத்தை மொழியின் குறையென்று சொல்வது, கூடிப்பேச மனமில்லாதவன் கூற்று.

தமிழில் இது நடந்ததே இல்லையா? நடந்தது. அமெரிக்க நாட்டிலிருந்து 1847-இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிரீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். தாமும் தம் மாணவருமாக ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தமிழாக்கினார். இரண வைத்தியம் 1867-இல் வந்தது. ஆங்கிலத்தில் 1858-இல் முதற்பதிப்புக் கண்ட கிரேயின் உடற்கூற்று நூல், 1872-இல் தமிழில் வந்துவிட்டது, பதினான்கே ஆண்டு! அந்நூல்களின் பெயர்களிலேயே வடசொற்கள் மண்டிக்கிடப்பதை யாம் அறிவோம். அக்காலத்துப் பண்டிதர் கற்றுக்கொடுத்த தமிழ் அது. அதனைக் களைந்து தூய்மை செய்திருக்க வேண்டியது நம் கடமை. நாமோ களையையும் எடுக்கவில்லை, பயிரையும் காக்கவில்லை. அயல்நாட்டான் ஒருவன் கடல்கடந்து வந்து, நம் மொழியைக் கற்று, அதில் மருத்துவம் சொல்லிக்கொடுத்தான். நம் மண்ணில் பிறந்தவனோ அம்மொழியில் மருத்துவம் இயலாது என்று நமக்கே சொல்லிக்கொடுக்கின்றான். இவ்விருவரில் தமிழன் எவன்?

நம் மருத்துவ ஆய்வாளர்கள் தம் வெளியீட்டுப் பட்டியலை நீட்டுகின்றனர். பணியுயர்வுக்கு இத்தனை ஆய்வுரை, இன்ன இதழில் என்று கணக்கு. அக்கணக்கில் தமிழ்க் கட்டுரை ஒன்றுக்கு என்ன மதிப்பு? இழுக்கு என்று கருதாமலிருந்தாலே நன்று! இந்நிலையை மாற்றும் வழி அரியதன்று. ஆங்கிலத்தில் ஆய்வுரை வெளியிடும் ஒவ்வொரு தமிழ் மருத்துவரும், அதன் சாரத்தை இரண்டு பக்கத் தமிழில் எழுதி வெளியிடட்டும். பணியுயர்வில் அதற்கும் மதிப்பளிக்க அரசு நெறி செய்யட்டும். அரசு மருத்துவமனைகளில் கேளாவொலி அறிக்கையின் முடிவுப் பகுதியேனும் தமிழில் தரப்படட்டும். ஐந்து வரி போதும். மருத்துவக் கல்லூரிகளில் படுக்கையருகே கற்பிக்கும்போது, நோயர் கேட்க, நோயர் மொழியில் பேசட்டும். 1956-இல் தமிழை ஆட்சிமொழியாக்கச் சட்டம் செய்த நாட்டில், இவை கேட்கக்கூடாத கேள்விகளா?

தமிழ் மருத்துவ மாணவனே, மாணவியே! உங்களுக்கு ஒரு சொல். நாளை நீங்கள் கருவியின் முனையை ஒரு நோயரின் மார்பில் வைப்பீர்கள். திரையில் வாவல் சிறகு விரிக்கும். அலையடித்துக் கரைமணல் தோன்றும். உங்கள் கண் அதனைக் காணும்போது, உங்கள் நெஞ்சில் முதலில் எழும் சொல் எதுவோ, அதனை அடக்கிவிடாதீர்கள். அச்சொல்லே அறிவின் முதற்சொல். பிரஞ்சுக்காரன் அதனை அடக்கவில்லை. ஆகவே கண்டான், பெயரிட்டான், உலகம் ஏற்றது. நீங்களும் அதனைச் சொல்லுங்கள்; ஏட்டில் எழுதுங்கள்; படுக்கையில் கிடப்பவரிடம் குனிந்து, 'ஐயா, உங்கள் நெஞ்சில் காற்றடைப்பு இல்லை; நுரையீரல் நன்றாக வழுக்குகின்றது' என்று கூறுங்கள். அந்த முகத்தில் எழும் தெளிவைப் பாருங்கள்.

அந்தத் தெளிவுக்காகத்தான் தமிழ் வேண்டும் என்கின்றோம். அதனைத் தர மறுப்பவன் எத்தனை ஆய்வுரை எழுதியவனாயினும், தன் மக்களின் மூச்சை அளந்தானேயன்றி, அவர்தம் பேச்சை மதித்தானல்லன்.